வீட்டுச் சேதமும் பொறியாளர் அறிக்கையும்: இரண்டு பக்கமும் வேலை பார்த்த அனுபவம்

காப்பீட்டு கிளைமுக்காக ஒரு வீட்டைப் பார்க்கப் போனால், வீட்டுக்காரர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "எவ்வளவு சார் கிடைக்கும்?" அதற்குப் பதில் என்னிடம் இல்லை. நான் கட்டமைப்புப் பொறியாளர். தொகையைக் கணக்குப் போடுவது சர்வேயர்; சில நாடுகளில் அவரை அட்ஜஸ்டர் என்பார்கள். சேதம் எதனால் வந்தது, எப்போது வந்தது, எதுவரை பரவியிருக்கிறது என்று பார்த்து எழுதிக் கொடுப்பதோடு என் வேலை முடிந்துவிடும். ஆனால் தகராறு வந்துவிட்ட கிளைம்கள் பலவும் அந்த அறிக்கையை வைத்துத்தான் நிற்கின்றன, அல்லது விழுகின்றன.

காரணம் எளிது. வீட்டுக் காப்பீடு பொதுவாகத் திடீரென்று நேர்ந்த சேதத்துக்குத்தான் பணம் தரும். தேய்மானம், துரு, கரையான், கட்டுமானக் குறை, பராமரிக்காமல் விட்டதால் வந்த கேடு இவையெல்லாம் வழக்கமாக விலக்குப் பட்டியலில் இருக்கும். ஆகவே அறிக்கையில் "நாளடைவில் ஏற்பட்டது" என்று ஒரு வரி வந்துவிட்டால், கிளைம் அங்கேயே முடங்கிவிடும். எதைப் பார்த்து அந்த வரியை எழுதினார் என்று கேட்கும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு. கேட்கத் தெரியாமல் பலர் நல்ல கிளைமைக் கைவிட்டிருக்கிறார்கள். பல வருஷம் காப்பீட்டு நிறுவனங்களுக்காக எழுதிவிட்டு, அப்புறம் வீட்டுக்காரர்கள் சார்பிலும் எழுத வந்தவன் என்பதால் இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னால் விஷயம் விளங்கும். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீடு அது. பின்மூலையில் மண்ணுக்கடியில் போன தண்ணீர்க் குழாய் உடைந்து, அது வெளியே தெரிய வருவதற்குள் அஸ்திவாரத்துக்குக் கீழே மண்ணை அரித்துவிட்டது. மூலை இறங்கிவிட்டது. ஜன்னல் மூலையில் தொடங்கிச் சாய்வாக மேலேறிய விரிசல், கூரைக்கு அருகில் 8 மி.மீ. அகலத்துக்கு வாய் பிளந்திருந்தது. நிறுவனம் அனுப்பிய பொறியாளர், "மண்ணின் இயல்பான அமுக்கத்தால் பல ஆண்டுகளாக வளர்ந்த விரிசல்" என்று எழுதினார். கிளைம் நிராகரிக்கப்பட்டது. அதன் பிறகுதான் அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார்.

டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்து விரிசலைக் கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டு போனேன். ஜன்னல் மூலையை ஒட்டி ஒரு சாண் நீளத்துக்கு, விரிசலின் இரண்டு உதடுகளிலும் பெயின்ட் உள்ளே மடிந்து இறங்கியிருந்தது. அதாவது கடைசியாக வெள்ளையடித்த காலத்திலேயே அங்கே ஒரு மயிரிழை விரிசல் இருந்திருக்கிறது. அதற்கு மேலே கதையே வேறு. பூச்சு உடைந்த விளிம்பு கத்திபோல் கூர்மையாக இருந்தது. உள்ளே தெரிந்த செங்கல் அப்போதுதான் உடைத்ததுபோல் பளிச்சென்று சிவந்திருந்தது. தூசி இல்லை, சிலந்தி நூல் இல்லை, கறை இல்லை. அந்தப் பொறியாளர் பொய் எழுதவில்லை. கண்ணுக்கு எட்டிய உயரத்தில் பெயின்ட் படிந்த பகுதியைப் பார்த்தார், அதையே முழு விரிசலுக்கும் பொருத்திவிட்டார். ஏணி போட்டு மேலே ஏறவில்லை. அவருடைய படங்களில் ஒன்றுகூட மேல்பகுதியை அருகிலிருந்து எடுத்ததில்லை.

அஸ்திவாரத்தை ஒட்டி ஒரு சோதனைக் குழி வெட்டச் சொன்னேன். அடிமட்டத்துக்குக் கீழே கை நுழையும் அளவுக்கு வெற்றிடம். சுற்றியிருந்த மண்ணில் மாவுபோன்ற நுண்துகள் எல்லாம் கழுவிக்கொண்டு போய், பருமணல் மட்டும் மிச்சம். மண் தானாக அமுங்கினால் இப்படி ஆகாது. ஓடும் தண்ணீர்தான் மண்ணை இப்படிப் பிரித்தெடுக்கும். கசிவு எப்போது தொடங்கியது என்பதைத் தண்ணீர்க் கட்டண ரசீதுகள் காட்டிக் கொடுத்தன. பல மாதம் ஒரே அளவில் இருந்த பயன்பாடு கடைசி ரசீதில் மட்டும் திடீரென்று எகிறியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, உடைந்த குழாய்த் துண்டை அந்த அம்மா ஒரு பையில் பத்திரமாக வைத்திருந்தார்.

"பிளம்பர் அதைத் தூக்கிப் போடப் போனார் தம்பி. ஏன் உடைஞ்சதுன்னு யாராவது கேட்டா காட்டணுமே, அதான் வாங்கி வச்சேன்" என்றார்.

உடைந்த பொருளை வைத்திருப்பதற்கு ஈடான சான்று வேறு எதுவும் கிடையாது. உலோகக் குழாயின் உடைந்த முகம் புதிதாகப் பளபளக்கிறதா, உள்பக்கம் துரு முடிச்சுகள் கட்டிக் குழி விழுந்திருக்கிறதா என்பதை வைத்து அது சட்டென்று உடைந்ததா, மெல்ல மெல்ல அரித்துப் போனதா என்று சொல்லிவிடலாம். இந்தக் குழாய் ஒரு இணைப்பில் சுத்தமாக முறிந்திருந்தது. பழுதுபார்க்க வருபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: கழற்றிய எதையும் என்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போகாதீர்கள் என்று. வால்வு, பழைய ஹோஸ், கருகிய ஒயர், கூரையிலிருந்து விழுந்த ஆணி வரைக்கும்.

என் அறிக்கையில் இரண்டையும் எழுதினேன். பழைய மயிரிழை விரிசல் இருந்தது, அதன் நீளம் இவ்வளவு; மற்றது முழுக்க மண் அரிப்பால் புதிதாக வந்தது, அதற்கு ஆதாரம் இவை. பழையதை மறைத்திருந்தால் எதிர்ப் பொறியாளர் அதை ஒரே படத்தில் காட்டியிருப்பார், மொத்த அறிக்கையும் நம்பிக்கை இழந்திருக்கும். அந்த அம்மாவின் பாலிசி, குழாய் உடைந்து வரும் சேதத்தையும் சேர்த்து எடுத்தது. பழைய விரிசலைச் சரிசெய்யும் செலவைக் கழித்துக்கொண்டு மீதியை நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

விரிசலைப் பற்றி இன்னும் கொஞ்சம். எல்லா விரிசலும் ஆபத்து கிடையாது, எல்லா விரிசலும் கிளைமும் ஆகாது. பூச்சில் சிலந்தி வலைபோலப் படர்ந்த மெல்லிய கோடுகள் பெரும்பாலும் சிமென்ட் காயும்போது சுருங்கியதால் வருபவை. சுவரும் மேல்தளமும் சேரும் இடத்தில் கிடைமட்டமாக ஓடுவது, வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் வருவது அதிகம். செங்கல் சுவரில் சாந்து இணைப்புகள் வழியாகப் படிக்கட்டுபோல ஏறினால், அஸ்திவாரத்தின் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கான்கிரீட் பீமில் கம்பி போகும் வாட்டத்திலேயே நீளமாக விரிந்து, பழுப்புக் கறையும் சேர்ந்திருந்தால் அது துரு. இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு பருத்து, மேலே இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளி உடைத்துவிடும். அதற்கு வருஷக்கணக்கில் ஆகும். நேற்று அடித்த புயலின் தலையில் அதைக் கட்ட முடியாது.

அகலத்தைப் பொறுத்தவரை பிரிட்டனின் கட்டட ஆய்வு நிறுவனம் வெளியிட்ட 251-ஆம் எண் குறிப்பேட்டின் அட்டவணையைப் பல பொறியாளர்கள் பயன்படுத்துகிறார்கள். 1 மி.மீ. வரை மிக லேசானது, 5 மி.மீ. வரை லேசானது, 5 முதல் 15 வரை நடுத்தரம், 15 முதல் 25 வரை கடுமை, அதற்கு மேல் மிகக் கடுமை. இந்த வகைப்பாடு, சேதத்தைப் பழுதுபார்ப்பது எவ்வளவு சுலபம் என்பதை வைத்து வகுத்தது. அகலம் அதில் ஒரு அடையாளம்தான். "லேசான விரிசல், ஆகவே காரணம் அற்பமானது" என்று யாராவது எழுதினால் அட்டவணையைத் தவறாகப் படித்திருக்கிறார் என்று பொருள். காரணம் எது என்பதை அந்த அட்டவணை சொல்லாது.

விரிசல் இன்னும் நகர்கிறதா என்று பார்க்க, குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒட்டுவது பழைய முறை. சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். இப்போது கட்டம் போட்ட பிளாஸ்டிக் அளவிகள் வந்துவிட்டன, எவ்வளவு, எந்தத் திசையில் என்பதையும் அவை காட்டும். களிமண் நிலமாக இருந்தால் மழைக்காலத்தில் மண் ஊதும், கோடையில் சுருங்கும். அங்கே ஒரு நாள் வந்து அளந்துவிட்டுப் போனவரின் முடிவை நான் அரைமனதோடுதான் ஏற்பேன். தரைமட்டம் சாய்ந்திருக்கிறது என்று காட்டும் லேசர் அளவுக்கும் இதே கதைதான். எந்தத் தரையும் கட்டும்போதே ரசமட்டமாக இருப்பதில்லை. பழைய அளவு ஒன்றோடு ஒப்பிட்டால் ஒழிய, ஒற்றை அளவை வைத்து "இறங்கிவிட்டது" என்றோ "இறங்கவில்லை" என்றோ சொல்ல முடியாது.

வீடு வாங்கும்போது செய்யும் ஆய்வறிக்கை இங்கே கைகொடுக்கும். அது கண்ணால் பார்த்து மட்டும் எழுதுவது, எதையும் உடைத்துப் பார்க்க மாட்டார்கள். ஆனாலும் அன்றைக்கு அந்தச் சுவர் எப்படி இருந்தது என்பதற்குத் தேதி போட்ட சாட்சி அது. இது இரண்டு பக்கமும் வெட்டும் என்பதையும் மறக்க வேண்டாம்: அன்றே "கூரை ஒழுகல், சரிசெய்யவும்" என்று எழுதியிருந்து நீங்கள் சரிசெய்யவில்லை என்றால், அதே தாள் நிறுவனத்தின் கையில் ஆயுதமாகிவிடும்.

இனி தண்ணீர். வீட்டுக் கிளைம்களில் சண்டை அதிகம் நடப்பது இங்கேதான், தப்பான முடிவுகளும் இங்கேதான் அதிகம். வெள்ளம் புகுந்த வீட்டில் எல்லா அறையிலும் ஒரே மட்டத்தில் கோடு இருக்கும். சுவர் உறிஞ்சுவதால் ஈரம் அந்தக் கோட்டுக்கு மேலேயும் ஏறியிருக்கும். தரையிலிருந்து ஓதம் ஏறினால் உப்புப் பூத்த பட்டை ஒன்று சுவரடியில் அலையலையாகத் தெரியும், பொதுவாக இடுப்பளவைத் தாண்டாது. குழாய் கசிந்தால் ஒரு புள்ளியில் ஈரம் உச்சமாக இருந்து சுற்றிலும் குறைந்துகொண்டே போகும். மேல்தளத்தில் மஞ்சள் கறை வட்டத்துக்குள் வட்டமாக இருந்தால், அது பல தடவை நனைந்து காய்ந்த இடம். ஒரே தடவை ஒழுகியிருந்தால் வளையமும் ஒன்றாகத்தான் இருக்கும். இதை ஒரு சாதாரண கைப்பேசிப் படமே காட்டிவிடும்.

ஈரமானியைச் சுவரில் குத்தி "90 சதவீதம் ஈரம்" என்று எழுதிய அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். ஊசி வைத்த ஈரமானி அடிப்படையில் மரத்துக்காக அளவீடு செய்யப்பட்டது. செங்கலிலும் பூச்சிலும் அது காட்டும் எண், இந்த இடம் அந்த இடத்தைவிட ஈரமா என்று ஒப்பிடத்தான் உதவும். சுவரில் உப்பு இருந்தால் காய்ந்த இடத்தைக்கூட ஈரம் என்று காட்டிவிடும். வெப்பப் படக் கேமரா அதைவிடக் கவர்ச்சியானது, நீலமும் சிவப்புமாகப் படம் வரும். அது பார்ப்பது வெப்பநிலையை மட்டும்தான், தண்ணீரை இல்லை. நீலமாகத் தெரிந்த இடத்தை ஈரமானி வைத்து உறுதி செய்தாரா என்று கேளுங்கள்.

பூஞ்சணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "பூஞ்சணம் படர்ந்திருக்கிறது, ஆகவே நீண்டகாலக் கசிவு" என்ற வாதம் அடிக்கடி வரும். நனைந்த பொருளில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள்ளேயே பூஞ்சணம் வளரத் தொடங்கிவிடலாம். ஆகவே பூஞ்சணம் மட்டும் இருந்தால் அது எதையும் நிரூபிக்காது. ஆனால் மரச்சட்டம் விரல் வைத்தால் உதிரும் அளவுக்கு மக்கியிருந்தால், அது ஒரு வார வேலை கிடையாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் அறிக்கையை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

தீ விபத்து என்றால் கான்கிரீட்டின் நிறத்தைப் பார்ப்போம். சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது, ஜல்லியில் இருக்கும் இரும்புச் சேர்மங்களைப் பொறுத்து, கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறக்கூடும். அந்த நிறம் எவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்கிறது என்பது, கம்பி எவ்வளவு சூட்டைத் தாங்கியது என்பதற்கு ஒரு துப்பு. கரி படிந்துவிட்டது என்று அவசரமாகத் தேய்த்துக் கழுவி, பூச்சு போட்டு மூடிவிட்டால், கொத்தித் திறந்துதான் அதைப் பார்க்க முடியும்.

சேதமானதைத் தொடக்கூடாதா என்றால், அப்படியில்லை. மேலும் சேதம் பரவாமல் நியாயமான முயற்சி எடுப்பது வீட்டுக்காரரின் கடமை என்று பெரும்பாலான பாலிசிகள் சொல்கின்றன. கூரை பிய்ந்தால் தார்ப்பாய் போட வேண்டும், குழாய் உடைந்தால் வால்வை மூட வேண்டும், தேங்கிய தண்ணீரை இறைக்க வேண்டும். அதற்கு முன்னால் படம் எடுங்கள். முதலில் அறை முழுவதும் தெரிய ஒன்று, அப்புறம் சுவர் தெரிய ஒன்று, அப்புறம் சேதத்தின் மேல் அளவுகோல் வைத்து அருகிலிருந்து ஒன்று. அருகிலிருந்து எடுத்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இது எந்த அறை, எந்தச் சுவர் என்று வீட்டுக்காரருக்கே பிறகு தெரியாமல் போனதைப் பல வீடுகளில் பார்த்தேன். நனைந்து கெட்ட தரைவிரிப்பையோ பலகையையோ வீசுவதாக இருந்தால் ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வு நாளன்று கூடவே இருங்கள். சேதமான எல்லா இடத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்து, ஒவ்வொன்றையும் காட்டுங்கள். பொறியாளர் பரண் மேல் ஏறினாரா, கூரைக்குப் போனாரா, எதை அளந்தார், எதைத் திறந்து பார்த்தார், எவ்வளவு நேரம் இருந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவரோடு வாதாட வேண்டாம். "இது புயலால் வந்ததுதானே சார்?" என்று வாயைக் கிளறவும் வேண்டாம், கவனமான பொறியாளர் அங்கே பதில் சொல்ல மாட்டார். எப்போது முதலில் பார்த்தீர்கள் என்று கேட்டால், தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். "ரொம்ப நாளாவே லேசா இருந்துச்சு" என்று பேச்சுவாக்கில் சொன்ன வார்த்தை, எந்த விரிசலைப் பற்றிச் சொன்னது என்ற விவரம் இல்லாமல் அறிக்கையில் ஏறி, கிளைமையே கவிழ்த்ததை நான் பார்த்திருக்கிறேன். எந்த இடம், எது என்று சுட்டிக்காட்டிப் பேசுங்கள்.

அறிக்கை வந்ததும் பிரதி கேளுங்கள். முடிவுரைக்குத் தாவாமல் முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். பொறியாளரிடம் என்ன கேள்வி கேட்கப்பட்டது என்பது அங்கே இருக்கும். "சேதத்தின் காரணத்தைக் கண்டறிக" என்பதும், "இது தேய்மானமா என்று உறுதிப்படுத்துக" என்பதும் ஒரே கேள்வி அல்ல. நிறுவனங்களுக்காக எழுதிய காலத்தில் இரண்டாவது வகைக் கேள்வி வந்தால், முதல் வகையாக மாற்றித் தரச் சொல்லித் திருப்பி அனுப்புவேன். பெரும்பாலும் மாற்றிக் கொடுத்தார்கள். கொடுக்காத இடத்தில் வேலையை ஏற்கவில்லை.

அடுத்து, பார்க்க முடியாமல் போன இடங்களின் பட்டியல். "கூரை வழுக்கலாக இருந்ததால் தரையிலிருந்து பார்வையிடப்பட்டது" என்று நாலாம் பக்கத்தில் இருக்கும். பதினோராம் பக்கத்தில் கூரை ஓடுகளுக்குப் புயலால் சேதம் இல்லை என்று தீர்ப்பு இருக்கும். இந்த இரண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாலே போதும். அப்புறம் பார்த்தது எது, அளந்தது எது, ஊகித்தது எது என்று பிரித்துப் பாருங்கள். "ஒத்துப்போகிறது" என்ற சொல்லில் கவனம் தேவை. பழைய கசிவோடு ஒத்துப்போகும் கறை, புதிய கசிவோடும் ஒத்துப்போகலாம். மற்ற காரணங்களை ஏன் தள்ளினார் என்று எழுதியிருக்கிறாரா? நீங்கள் சொன்ன காரணத்தை ஆராய்ந்த தடமே இல்லை என்றால், மறுபரிசீலனைக் கடிதத்தில் முதலில் வைக்க வேண்டிய குறை அதுதான். உங்கள் வீட்டில் இல்லாத அறை, இல்லாத மாடி அறிக்கையில் இருந்தால், வேறொரு வீட்டுக்கு எழுதியதை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். இது நடக்கிறது.

வீட்டுக்கு வந்தவரும் கையெழுத்துப் போட்டவரும் ஒருவர்தானா என்றும் பாருங்கள். 2012 அக்டோபரில் சாண்டி புயல் அமெரிக்காவைத் தாக்கிய பிறகு, நியூயார்க் மாநிலத்தின் லாங் பீச்சில் ஒரு வீட்டை நேரில் பார்த்த பொறியாளர், வெள்ளம்தான் கட்டமைப்பைச் சேதப்படுத்தியது என்று எழுதினார். வீட்டுக்காரர்களுக்கு வந்து சேர்ந்த அறிக்கையோ, நீண்டகாலச் சீர்கேடு என்றது. நடுவில், அந்த வீட்டுப் பக்கமே போகாத இன்னொரு பொறியாளர் சக மதிப்பாய்வு என்ற பெயரில் முடிவைத் தலைகீழாக மாற்றியிருந்தார். 2014 நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றத்தின் மாஜிஸ்திரேட் நீதிபதி கேரி பிரவுன் இதைக் கடுமையாகக் கண்டித்து, வரைவுகள் உட்பட எல்லா அறிக்கைகளையும் ஒப்படைக்க உத்தரவிட்டார். அடுத்த ஆண்டே, வெள்ளக் காப்பீட்டைக் கவனிக்கும் ஃபீமா அமைப்பு 1,40,000-க்கும் மேற்பட்ட சாண்டி பாலிசிதாரர்களுக்கு மறுபரிசீலனை வாய்ப்பு கொடுத்தது. ஒரு குடும்பம் முதல் வரைவைத் தேடிப் போனதால் திறந்த கதவு அது. மூத்த பொறியாளர் ஒருவர் அறிக்கையைச் சரிபார்ப்பது நல்ல பழக்கம்தான், எனக்கும் பலமுறை தவறுகளைக் காட்டியிருக்கிறார்கள். வீட்டைப் பார்க்காதவர் முடிவையே மாற்றுவது சரிபார்ப்பு ஆகாது. சந்தேகம் வந்தால் முந்தைய வரைவுகளையும் தளக் குறிப்புகளையும் எழுத்தில் கேளுங்கள்.

பொறியாளர் சொல்லும் காரணமும் சட்டம் பார்க்கும் காரணமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. 1915-ல் இகாரியா என்ற கப்பலை டார்பீடோ தாக்கியது. எப்படியோ பிரான்சின் லே ஹாவ்ர் துறைமுகம் வரை வந்து சேர்ந்தது. அங்கே புயலில் துறைமேடையில் மோதியதால் வேறு இடத்துக்கு மாற்றினார்கள். கடல்நீர் வற்றும் ஒவ்வொரு வேளையிலும் தரைதட்டித் தரைதட்டிக் கடைசியில் மூழ்கிவிட்டது. கடைசியாக நடந்தது கடலின் வேலை. ஆனாலும் 1918-ல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, இழப்புக்கு வலுவான காரணம் டார்பீடோதான் என்று தீர்ப்பளித்தது. பாலிசியில் போர்ச் சேதம் விலக்கப்பட்டிருந்ததால் பணம் கிடைக்கவில்லை. காலத்தால் கடைசியாக வந்தது எது என்று பார்க்காமல், வலுவால் முதன்மையானது எது என்று பார்க்கும் இந்த வழக்கம் பல நாடுகளின் காப்பீட்டுச் சட்டத்தில் ஊறியிருக்கிறது. புயல் கூரையைப் பிய்த்து, மறுநாள் மழை உள்ளே இறங்கினால், "மழைநீர்க் கசிவு" என்று மட்டும் எழுதும் அறிக்கை பாதிக் கதையைத்தான் சொல்கிறது. சங்கிலியின் முதல் கண்ணி எது என்பதையும் எழுதச் சொல்லிக் கேட்கலாம். பாலிசியின் வாசகம் இந்த விதியையே மாற்றியிருக்கவும் கூடும் என்பதால் அதையும் கூடவே படிக்க வேண்டும்.

உங்கள் பக்கம் ஒரு பொறியாளரை வைப்பதாக இருந்தால், முதலில் ஒரு தடவை பார்த்துவிட்டு வாய்வார்த்தையாகக் கருத்துச் சொல்லச் சொல்லுங்கள். முழு அறிக்கை தேவையா என்பதை அப்புறம் முடிவு செய்யலாம். கிளைம் தொகையில் சதவீதம் கேட்பவரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முடிவில் அவருக்கும் பங்கு இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் அவர் அறிக்கையை ஒதுக்கிவிடுவார்கள். ஒருவர் வீட்டு பீம்களில் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் பெயர்ந்து கிடந்தது. புயலில் அதிர்ந்து உடைந்தது என்று எழுதித் தரச் சொன்னார். முடியாது என்றேன். வருத்தப்பட்டார், கொஞ்சம் கோபமும்தான். ஆனால் அதே புயலில் பறந்துபோன முன்பக்கத் தகரக் கூரைக்கு ஆதாரம் தெளிவாக இருந்தது. பலமாகக் காற்று வீசிய திசையில் கொக்கி போல்ட்டுகள் வளைந்திருந்தன, தகரத்தின் துளைகள் நீளமாகக் கிழிந்திருந்தன, துரு இல்லை. அதற்கு மட்டும் எழுதிக் கொடுத்தேன், அந்தப் பகுதிக்குப் பணம் வந்தது. எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டிருந்தால் இதுவும் போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

மறுபரிசீலனை கேட்டு எழுதும்போது கோபத்தைக் கடிதத்தில் வைக்காதீர்கள். அறிக்கையின் பக்க எண், அதில் உள்ள வாக்கியம், அதற்கு எதிரான உங்கள் படம் அல்லது ரசீது, அவ்வளவுதான். கடைசியில், சேதமான பகுதியை உங்கள் பொறியாளரும் அவர்கள் பொறியாளரும் ஒன்றாகப் பார்க்கும்படி கேளுங்கள். ஒரே குழிக்குள் இருவரும் எட்டிப் பார்க்கும்போது கருத்து வேறுபாடு பாதியாகக் குறைந்துவிடுவதைப் பல முறை கண்டேன். அப்படியும் சரிவரவில்லை என்றால், காப்பீட்டுப் புகார்களைக் கேட்கும் குறைதீர்ப்பு அமைப்பு பல நாடுகளில் இருக்கிறது. அதற்குக் காலக்கெடு இருக்கும், தவறவிடாதீர்கள்.

பணம் கையில் வந்ததும் உடனே விரிசலைப் பூசி மூடத் தோன்றும். மண் இறங்கிய வீடாக இருந்தால் பொறுங்கள். முதலில் காரணத்தைச் சரிசெய்ய வேண்டும், அப்புறம் அளவியை ஒட்டி ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பார்க்க வேண்டும். நகர்வு நின்றதும் பூசலாம். அந்த அம்மா வீட்டில் அஸ்திவாரத்துக்குக் கீழே கான்கிரீட் நிரப்பிய பிறகும் அளவி கொஞ்ச காலம் மெல்ல நகர்ந்துகொண்டுதான் இருந்தது, பிறகுதான் நின்றது. அன்றைய அளவுகளையும், குழியை மூடுவதற்கு முன் எடுத்த படங்களையும், செய்த வேலையின் ரசீதுகளையும் பாலிசியோடு சேர்த்து ஒரே கோப்பில் வைக்கச் சொன்னேன். வைத்திருக்கிறார்.